பழைய மடல்களைச் சேர்ப்போமா?

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. அண்ணியாருக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான்.

மின்னஞ்சலிலேயே பேசிக்கொண்டிருந்த நம் பழைய மடலாடற்குழு நண்பர்களைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் குழு தொடங்கியிருக்கிறேனே, நீங்கள் மட்டும் ஏன் வாயே திறப்பதில்லை என்று கேட்டிருந்தீர்கள். வருத்தமெல்லாம் ஒன்றுமில்லை. அத்தனை பேரையும் மறுபடி ஒன்றுசேர்த்தது பெரிய காரியம். ஆனால் அங்கே என்னால் பேச முடியவில்லை. பழங்கால எழுத்துமுறையான வட்டெழுத்து பற்றி நீங்கள் ஒரு கேள்வி போட்டீர்களே, அதற்குப் புத்தகம் பார்த்துத்தான் பதில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிவிட்டுப் பார்த்தால், கேள்விக்குக் கீழே காலை வணக்கப் படங்களும் மருத்துவக் குறிப்புகளும் யாரோ ஒருவருடைய பேரனின் பிறந்தநாள் வாழ்த்துகளும் குவிந்து கிடந்தன. பேச்சு எங்கோ போய்விட்டது. அதனால்தான் பதிலை உங்களுக்குத் தனியாக அனுப்பினேன். குழுவில் இன்னும் நாலு பேருக்கு அது பயன்பட்டிருக்கும்.

நம் மடலாடற்குழுவில் தானியம் அளக்கும் மரக்கால் பற்றி ஓடிய இழை, அதாவது கேள்வியும் பதிலுமாகத் தொடர்ந்த மடல் வரிசை, நினைவிருக்கிறதா? பாட்டி சொன்ன ஒரு கணக்கு புரியாமல், மரக்காலுக்கு எத்தனை படி என்று யாரோ கேட்டார்கள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. படிக் கணக்கில்தான் தஞ்சாவூர்க்காரர் ஒன்று சொன்னார், சென்னைக்காரர் ஒன்று சொன்னார். பட்டணம்படி வேறு, உள்ளூர்ப்படி வேறு என்று ஒருவர் விளக்கினார். டொராண்டோவில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பர், எங்கள் வீட்டில் அரிசியைக் கொத்துக் கணக்கில்தான் அளப்போம் என்று எழுதினார். அதோடு இழை அடங்கிவிட்டது. பல மாதம் கழித்து, புதிதாகக் குழுவில் சேர்ந்த ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, தான் நெல் மண்டியில் வேலை பார்த்த காலத்தில் அளந்த முறையை இரண்டு பக்கத்துக்கு எழுதினார். ஒரே மடலில் பழைய இழைக்கு உயிர் வந்துவிட்டது. தாமதமாக வந்தவருக்கும் அங்கே இடம் இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான்.

நாம் செய்ததாவது வெறும் பேச்சு. தமிழில் தட்டச்சு செய்யவே ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த காலத்தில், கணினியில் தமிழ் எழுத்துகளுக்குப் பொதுவான திஸ்கி (TSCII) குறியீட்டை எப்படி அமைப்பது என்று பல நாடுகளில் இருந்தவர்கள் மின்னஞ்சல் வழியாகவே வாதாடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தமிழ் நூல்களை இணையத்தில் சேர்க்கும் மதுரைத் திட்டமும் 1998 பொங்கலன்று அப்படித் தொடங்கியதுதான். ஒருவரையொருவர் நேரில் பார்த்திராதவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக இலக்கியங்களைத் தட்டச்சு செய்து சேர்த்தார்கள். அப்படிப்பட்ட வேலைக்கு நேற்றைய வாதத்தை இன்று திரும்ப எடுத்துப் பார்க்க முடிய வேண்டும். யார் எதை ஒப்புக்கொண்டார், எது பாக்கி என்பது எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். புதுப் பேச்சு பழையதைத் தள்ளிக்கொண்டே போகும் இடத்தில் இதைச் செய்வது மிகக் கடினம் என்று நினைக்கிறேன்.

ஃபேஸ்புக் 2006இல் எல்லோருக்கும் திறந்தது. சில வருடங்களில் நம் ஆட்கள் ஒவ்வொருவராக அங்கே போய்விட்டார்கள். யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், படங்கள் எல்லாம் அங்கே இருந்தன. ஆனால் நன்றாக எழுதிய பத்துப் பேர் போனாலே ஒரு குழு நின்றுவிடும். கேள்வி கேட்பவருக்குப் பதில் வராது, பதில் வராத இடத்தில் அடுத்தவர் கேட்க மாட்டார்.

அதற்காகச் சமூக ஊடகத்தால் கெடுதல்தான் என்று சொல்ல மாட்டேன். அந்த நாளில் கணினி, இணைய இணைப்பு, எழுத்துரு என்று எத்தனை படி தாண்டினால் நம் குழுவுக்குள் வர முடியும்! கணினிப் பக்கமே வராத என் மதினி இன்று கைப்பேசியில் தமிழில் சரளமாக எழுதுகிறார், பனங்கிழங்கு வகைகள் பற்றி அவர் எழுதுவதை முகம் தெரியாத பலர் படிக்கிறார்கள். அவர் நம் குழுவில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். எனக்கு ஒரே கவலை, அவர் எழுதுவதெல்லாம் அடுத்த வருடம் தேடினால் கிடைக்குமா என்பதுதான். வாட்ஸ்அப்பில் எழுதினால் எந்தத் தேடுபொறிக்கும் எட்டாது.

பழைய முறை முழுக்க அழிந்துவிடவும் இல்லை. 1999இல் தொடங்கிய யாழ் இணையத்தின் கருத்துக்களத்தையும், கர்நாடக இசைக்காரர்களின் ரசிகாஸ் தளத்தையும் பாருங்கள். ஒரு பொருளுக்கு ஒரு இழை, அதைக் கவனித்துக்கொள்ள மட்டுறுத்துநர்கள். ஊதியம் இல்லாமல் பார்க்கும் அந்த வேலைக்கு நாம் போதுமான நன்றி சொன்னதில்லை.

நம் குழு யாஹூவில் இருந்தது. 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது, மாதக் கடைசியிலிருந்து எதையும் புதிதாகப் பதிவேற்ற முடியவில்லை, அப்புறம் சேமிப்பில் இருந்த மடல்களையே அழித்தார்கள். 2020 டிசம்பரில் யாஹூ குழுமங்கள் மொத்தமாக மூடப்பட்டன. அதனால் நம் மடல்கள் இணையத்தில் எங்கும் இல்லை. இருப்பது நம் வீடுகளில்தான். என்னிடம் கடைசிச் சில வருடத்து மடல்கள் இருக்கின்றன. மரக்கால் இழை அதில் இல்லை. நீங்கள் ஒவ்வொன்றையும் கோப்பாகச் சேர்த்து வைக்கும் பழக்கம் உள்ளவர். உங்கள் பழைய வன்தட்டைக் கொஞ்சம் பாருங்கள். திஸ்கியில் இருந்தால் கவலை வேண்டாம், இன்றைய ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் கருவிகள் இருக்கின்றன. அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். எழுதியவர்களிடம் அனுமதி கேட்டுத் தலைப்பு வாரியாகப் பொதுவில் போட்டுவிடலாம். அனுமதி கேட்க உங்கள் வாட்ஸ்அப் குழுதான் சரியான இடம். அந்த மடலை நானே அங்கே எழுதுகிறேன்.

அண்ணியாரை விசாரித்ததாகச் சொல்லுங்கள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய குழு நண்பன்