மைனிக்கு, அந்த நோட்டைப் பற்றி

அன்புள்ள மைனி,

அம்மாவின் நாற்பத்தொன்றாம் நாள் முடிந்த அன்று ராத்திரி உங்களுக்கு போன் செய்தேன். நீங்கள் எடுத்து "என்ன மக்களே" என்று கேட்டதும் வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் சொல்லாததை போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வருகிறது. இங்கே எழுதினால் ஊர்க்காரர்கள் வாசிப்பார்கள் என்று தெரியும். அன்று நான் செய்தது ஊர் பார்க்கச் செய்தது. இதையும் ஊர் பார்க்கட்டும்.

வருகிற ஞாயிறு நவம்பர் 30. ஒக்கிப் புயலில் கடலில் காணாமல் போன அண்ணன் பெயருக்குப் பூசை கொடுத்திருக்கிறேன். செத்தவர்களுக்கு எழுதுவதுபோல, ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று என் கையாலேயே எழுதினேன்.

உங்களுக்கு இந்த ஒரு வரி போதும். ஆனால் எனக்குப் போதவில்லை.

2018 ஜனவரி. பங்கு அலுவலகத்தில் மின்விசிறி ஓடவில்லை. மேசைமேல் பூசைக் கருத்து எழுதும் அந்த நீள நோட்டு. டிசம்பர் முழுக்க அதில் என் கையெழுத்துதான். 'பத்திரமாய்த் திரும்பி வர', 'பத்திரமாய்த் திரும்பி வர' என்று தினம் ஒரு வரி. அம்மா காசை முந்தானையில் முடிந்து தருவாள், நான் போய் எழுதிவிட்டு வருவேன். முதலில் கோட்டாறு சவேரியார் திருவிழா முடியும் டிசம்பர் 3-க்குள் வந்துவிடுவான் என்றாள். நம் கரைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் கைவிடுவாரா என்று கேட்டாள். அப்புறம் கிறிஸ்துமஸ் என்றாள். அப்புறம் புது வருஷம்.

நீங்கள் நோட்டைத் திருப்பி, என் கடைசி வரிக்குக் கீழே எழுத ஆரம்பித்தீர்கள். பேனா எழுதவில்லை. உதறினீர்கள். உள்ளங்கையில் இரண்டு மூன்று தடவை கிறுக்கிப் பார்த்தீர்கள், நீலக் கோடு விழுந்தது. அப்புறம் நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல, அண்ணனின் முழுப் பெயரையும் எழுதினீர்கள். பக்கத்தில் 'ஆன்ம இளைப்பாற்றிக்காக'. ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கை நடுங்கியிருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ.

தாளைக் கிழித்தேன். "உங்களுக்கு விசுவாசம் இல்லை" என்று கத்தினேன். கோவில் பணி பார்க்கும் கோவில்பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றார், வாசலில் நாலு பேர் நின்றார்கள். நீங்கள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தீர்கள். "அவரைக் கடவுளுகிட்ட ஒப்படைக்காம, நான் எப்படி மக்களே பிள்ளைக்குச் சோறு போடுவேன்?" என்று மட்டும் கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

அப்போது என் நியாயம் எனக்கு இருந்தது. இப்போதும் அதை முழுதாக விட்டுக்கொடுக்க மனமில்லை. புயல் எச்சரிக்கை கரைக்கு வந்தபோது நம் போட்டுகள் போய்ப் பல நாள் ஆகியிருந்தன. வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. ஆனால் திரும்பி வந்தவர்களும் இருந்தார்களே. லட்சத்தீவில் ஒதுங்கினார்கள், மகாராஷ்டிராவில் தேவ்கட் துறைமுகத்தில் கரையேறினார்கள். அங்கிருந்து போனில் வந்த ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கி, பின்வரிசையில் நிற்கிறவன் காதையும் தோளையும் பார்த்து, இது அவன்தானா என்று தேடிய எனக்கு, நாற்பது நாளில் எப்படி முடிந்துவிடும்? அந்தப் படங்களை நீங்கள் என்னோடு உட்கார்ந்து பார்க்கவே இல்லை. அதில் இன்னும் எனக்கு வருத்தம் இருக்கிறது, மைனி. ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம்.

ஆனால் டிசம்பர் 7 நினைவிருக்கிறது. காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி, குழித்துறை ரயில் நிலையத்தில் அத்தனை ஊர் சனமும் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டான். இருட்டிய பிறகு நம் பக்கத்தில் செபமாலை சொல்ல ஆரம்பித்தது நீங்கள்தான். மாலையின் முதல் பத்து மணிகளுக்கு உங்கள் குரல் மட்டும் கேட்டது. இரண்டாவது பத்தில் சுற்றி இருந்தவர்கள் சேர்ந்தார்கள். ஐந்தாவது முடியும்போது எனக்குப் பயம் போயிருந்தது. அந்தக் குரலைக் கேட்டவள்தான் ஒரு மாதம் கழித்து உங்களைப் பார்த்து விசுவாசம் இல்லை என்றேன்.

டிஎன்ஏ சோதனைக்கு ரத்தம் கொடுக்க அம்மா மறுத்தாள். உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்கு ரத்தம் என்றாள். நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றீர்கள். ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சை அவன் ரெண்டு நாள் எடுக்க விடவில்லை.

அரசாங்கம் கொடுத்த அந்த 20 லட்சத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுத மாட்டேன். நீங்கள் அவசரப்பட்டது அதற்காகத்தான் என்று பேசினார்கள். பேசியவர்களில் நானும் உண்டு. மீதியை நேரில் சொல்கிறேன்.

காணாமல் போனவரை இறந்தவர் என்று ஏற்க ஏழு வருஷம் ஆக வேண்டும் என்பார்கள். ஒக்கிக்கு அரசாங்கமே அதைத் தளர்த்தியது. நான் தளர்த்தவில்லை. ஏழையும் முழுதாக எடுத்துக்கொண்டு அதற்கு மேலும் போனேன். அம்மாவோடு சேர்ந்து ராத்திரி வாசல் லைட்டை அணைக்காமல் வைத்தேன். அதை விசுவாசம் என்று நினைத்தேன். அந்த வருஷங்களில் நீங்கள் காலைப் பூசை பார்த்துவிட்டு முந்திரி உடைக்க அண்டி ஆபீசுக்குப் போனீர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தீர்கள். உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதால் இதெல்லாம் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் ஏன் போனீர்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அம்மா பேரனைத் திருவிழாவுக்குத் திருவிழாதான் பார்த்தாள். கடைசி மாதங்களில் அவன் பெயரையும் அண்ணன் பெயரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள். ஒரு ஞாயிறு அவனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தானே.

அடக்கத்துக்கு வந்தீர்கள். பெட்டியை மூடும் முன் குனிந்து அம்மா நெற்றியில் சிலுவை போட்டீர்கள். அப்போதுதான் உங்கள் பெருவிரலைக் கிட்டத்தில் பார்த்தேன். அண்டி எண்ணெய் பட்டு நகம் வரை கறுத்து, ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. பேனாவைப் பிடித்த அதே விரல். கோடு கோணாமல் போட்டீர்கள். ஒரு கட்டன்சாயாகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டீர்கள்.

நாற்பத்தொன்றாம் நாள் பூசையில் லாசர் செத்த வாசகம். எத்தனையோ அடக்கப் பூசையில் கேட்டதுதான். வீட்டுக்கு வந்து பைபிளைத் திறந்து மீதியையும் படித்தேன். மார்த்தா இயேசுவிடம், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான் என்கிறாள். சண்டையே போடுகிறாள். அதே மூச்சில், நீரே மெசியா என்று நம்புகிறேன் என்கிறாள். கல்லறைக் கல்லை எடுங்கள் என்று அவர் சொல்லும்போதும் அவள்தான், நாலு நாள் ஆயிற்றே, நாற்றம் வருமே என்கிறாள். செத்ததைச் செத்தது என்று சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே நிற்கிறாள். எனக்கு அந்த இடத்தில் உங்கள் முகம்தான் வந்தது. நான் கல்லை யாரும் தொடாதபடி அதன்மேல் உட்கார்ந்திருந்திருக்கிறேன், மைனி. அவன் செத்துவிட்டான் என்று சொன்னால் கடவுளும் இல்லாமல் போய்விடுவார் என்று பயந்திருக்கிறேன்.

மறுநாள் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். இப்போது வேறு நோட்டு, வேறு கோவில்பிள்ளை. அண்ணன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டதும் கை நடுங்கியது. நிறுத்தி, உங்களைப்போல உள்ளங்கையில் ஒரு கோடு போட்டேன். பேனா நன்றாகத்தான் எழுதியது. அப்புறம் எழுதி முடித்தேன். கோணல்மாணலாகத்தான் வந்தது.

கிழித்த தாள் என்னிடம்தான் இருக்கிறது. செபப் புத்தகத்துக்குள் நாலாக மடித்து வைத்திருந்தேன். ஏன் எறியவில்லை என்று தெரியாது. மேலே என் வரிகள், கீழே உங்களுடையது. இனி அது உங்களிடம் இருக்க வேண்டும். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை.

என்னை மன்னியுங்கள்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பூசை. அண்டி ஆபீஸ் அன்று லீவுதான், விசாரித்துவிட்டேன். முதல் பஸ்ஸில் வந்தால் நேரத்துக்கு வந்துவிடலாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். 'பூசை கொடுப்பவர்' என்ற இடத்தில் முதலில் உங்கள் பெயரையும், அடுத்து அவன் பெயரையும், அதற்குக் கீழே என் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் நாத்தி