ஹாம்லெட்டாக நடிக்கப்போகும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிறன்று நடந்த ஒத்திகையைக் கடைசி வரிசையில் அமர்ந்து பார்த்தேன். உங்கள் குரல் அங்குவரை தெளிவாக எட்டியது. வசனம் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. ஆனால் ஹாம்லெட் மேடையில் தனக்குத்தானே பேசும் தனிமொழிகள் அத்தனையையும் ஒரே அழுகையில் சொல்லி முடித்தீர்கள். பிறகு என்னிடம் வந்து, "துக்கம் தெரிந்ததா சார்?" என்று கேட்டீர்கள். அந்த இரைச்சலில் சரியாகப் பதில் சொல்ல வாய்க்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்குமேல் ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்தை வகுப்பில் நடத்தியவனுக்குச் சுருக்கமாகப் பேசவும் வராது. எனவே இந்தக் கடிதம். இதே வேடத்தை ஏற்கும் வேறு யாருக்கேனும் பயன்படட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

நாயகன் தன் துக்கத்தை நம்மிடம் எடுத்துச்சொல்லும் இடமே தனிமொழி என்று பாடக்குறிப்புகள் சொல்லும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அதை நம்புவதில்லை. தனித்துவிடப்படும் ஒவ்வொரு முறையும் ஹாம்லெட் துக்கத்திலிருந்து விலகி ஓடத்தான் பார்க்கிறான்: கணக்குப் போடுகிறான், வாதாடுகிறான், தன்னையே ஏசிக்கொள்கிறான், திட்டம் தீட்டுகிறான். அந்த ஓட்டம் எங்கே இடறுகிறதோ அங்கேதான் துக்கம் தெரிகிறது.

முதல் தனிமொழியைப் பாருங்கள். டென்மார்க் இளவரசன் ஹாம்லெட்டின் தந்தை இறந்து, தாய் அவன் சிற்றப்பன் கிளாடியஸை மணந்துகொண்டாள். அரசவை அந்தத் திருமணக் களிப்பில் இருக்கிறது; அவன் ஒருவன் மட்டும் கறுப்பு உடையில் நிற்கிறான். கறுப்பு உடையும் பெருமூச்சும் கண்ணீரும் எவனும் நடித்துக் காட்டிவிடக்கூடியவை, தனக்குள் இருப்பதோ காட்டுதற்கு அப்பாற்பட்டது என்று தாயிடம் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறான். சபை கலைந்து அவன் தனியானதும் நீங்கள் கண்ணீர் விட்டால், சற்றுமுன் அவன் இகழ்ந்த அதே நடிப்பை அவனையே செய்ய வைத்துவிடுகிறீர்கள் அல்லவா?

அவன் அங்கே செய்வது கணக்கு. தந்தை இறந்து இரண்டு மாதம் என்று தொடங்குகிறான். இல்லை, அவ்வளவுகூட இல்லை என்று திருத்துகிறான். ஒரு மாதத்துக்குள் என்கிறான். பிறகு அது ஒரு சின்ன மாதமாகிறது, தந்தையின் உடலுக்குப் பின்னால் தாய் நடந்துபோன செருப்புகூடப் பழசாகாத மாதம். ஒரே மூச்சில் காலம் இப்படிச் சுருங்கிக்கொண்டே வருவதை நிதானமாக, எண்ணி எண்ணிச் சொல்லுங்கள். தந்தையின் ஆவி இன்னும் அவனைச் சந்திக்கவில்லை, சிற்றப்பன் அவரைக் கொன்றதே அவனுக்குத் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். பழிவாங்கும் கடமை வந்து கலக்காத துக்கத்தை நாடகத்தில் இந்த ஓரிடத்தில்தான் கேட்கிறோம்.

இங்கே மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூலத்தில் 'ஒரு மாதத்துக்குள்' என்று வாக்கியத்தைத் தொடங்கியவன் அதை முடிக்க மாட்டாமல் திணறுகிறான். நினைக்கவே வேண்டாம் என்று தன்னைத் தடுத்துக்கொள்கிறான், பெண் குலத்தைப் பழிக்கிறான், பகுத்தறிவில்லாத விலங்குகூட இதைவிட நீண்ட நாள் துக்கம் அனுசரித்திருக்கும் என்கிறான். இத்தனையும் தாண்டித்தான் 'என் சிற்றப்பனை மணந்தாள்' என்ற சொல்லுக்கு வந்துசேர்கிறான். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து விரைவில் வந்திருக்க வேண்டிய வினை அவ்வளவு தாமதமாவதே காயம். தமிழில் வினை பொதுவாகக் கடைசியில்தான் வரும் என்பதால் அந்தத் தாமதம் நம் காதுக்கு இயல்பாகிவிடுகிறது, காயம் மறைந்துபோகிறது. ஆகவே நீங்கள் அந்த நீண்ட வாக்கியத்தை மூன்று நான்கு இடங்களில் அறுத்து, 'என் தாய்' என்ற சொல்லுக்கு ஒவ்வொரு முறையும் திரும்பிவந்து, வினையைச் சொல்ல நாக்கு எழாதவன்போல நிற்க வேண்டியிருக்கும். இயக்குநரிடமும் இதைப் பற்றிப் பேசுங்கள்.

அந்தத் தனிமொழியின் கடைசி வரியில், நெஞ்சே நீ உடைந்துபோ, நான் நாவை அடக்கியாக வேண்டும் என்கிறான். நமக்கு இது பழகிய முறைதான். குறளின் 125ஆம் அதிகாரமே 'நெஞ்சொடு கிளத்தல்'. பிரிவில் வாடும் தலைவி தன் நெஞ்சை எதிரே நிறுத்தி வழக்காடுவாள். ஹாம்லெட்டின் வழக்குக்கும் அவன் நெஞ்சே எதிர்க்கட்சி.

மூன்றாவது தனிமொழியில்தான் நீங்கள் கத்தலாம். ஊருக்கு வந்த நாடகக்காரன் ஒருவன், டிராய் நகரத்து அரசி ஹெக்குபாவின் துயரத்தைச் சொல்லும்போது முகம் வெளுத்துக் கண்ணீர் விடுகிறான். கற்பனைக்காக அவனால் அழ முடிகிறது, தந்தையைப் பறிகொடுத்த தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று ஹாம்லெட் குமைகிறான். பிறகு அவனே நாடகக்காரனைப்போலச் சிற்றப்பன்மீது வசைகளை அடுக்கிக் கூச்சலிடுகிறான். உச்சத்தில் சட்டென நின்று, எவ்வளவு பெரிய கழுதை நான் என்று வெட்கப்படுகிறான். கொல்ல வேண்டிய கையை வைத்துக்கொண்டு வாயால் கொட்டித்தீர்ப்பவன் என்று தன்னைக் கண்டுகொள்ளும் அந்த வெட்கமே காட்சியின் உயிர். நீங்களோ முதல் தனிமொழியிலிருந்தே கத்திவிட்டதால், இங்கே வந்தபோது வெட்கப்படுவதற்குப் புதிதாக எதுவும் மிஞ்சவில்லை.

இதே இடத்தில் அவன், நான் கோழையா, என்னை அயோக்கியன் என்பது யார் என்று கேட்கிறான். ஷேக்ஸ்பியரின் குழுவுக்காக 1599இல் எழுந்த குளோப் அரங்கில் திறந்த வானத்தின்கீழ், பகல் வெளிச்சத்தில் நாடகம் நடந்தது. மேடையைச் சுற்றி நின்ற கூட்டத்தின் முகங்கள் நடிகனுக்குத் தெரிந்தன. அது கூட்டத்திடம் கேட்கப்பட்ட கேள்வியாகத்தான் இருந்திருக்க வேண்டும். நீங்கள் கூரையைப் பார்த்துக் கேட்டீர்கள். முன்வரிசையில் ஒருவரைப் பார்த்துக் கேளுங்கள். அவர் சங்கடப்பட்டுத் தலைகுனிவார்.

இனி, எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் அந்த நான்காவது. உங்கள் பிரதியில் "நான் இருப்பதா, இறப்பதா" என்று இருக்கிறது. அந்த 'நான்' மூலத்தில் இல்லை, தம்பி. அந்தத் தனிமொழி முழுவதிலும் தன்மை ஒருமை ஓரிடத்தில்கூட வராது. 'நாம்' மட்டுமே வரும். அதிகாரிகளின் திமிர், சட்டத்தின் தாமதம், செருக்குற்றவனின் அவமதிப்பு என்று அவன் அடுக்குபவை ஓர் இளவரசனின் குறைகளே அல்ல, தெருவில் போகிற எவனுடைய குறைகளும் ஆகும். தந்தையின் கொலை, தாயின் மறுமணம் இரண்டும் பேச்சில் இல்லை. போனவர் எவரும் திரும்பிவராத நாடு மரணம் என்கிறான். இறந்த தந்தையின் ஆவியுடன் பேசியவன் இதைச் சொல்கிறான்! தன் துக்கத்தை இவ்வளவு தொலைவுக்குத் தள்ளிவைத்துத் தத்துவமாகப் பேசுபவனுக்கு அது எவ்வளவு அருகில் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். 'நானை' எடுத்துவிடுங்கள். 'இருப்பதா, இறப்பதா' போதும்; 'இருப்பேனா' என்று மாற்றினாலும் 'நான்' விகுதியில் ஒளிந்துகொண்டு வந்துவிடும்.

சிற்றப்பன் கிளாடியஸ் பிரார்த்தனைக்கு மண்டியிடும் காட்சியைப் பற்றி ஒரு சொல். கொலையால் கிடைத்த முடியையும் அரசியையும் விட மனமில்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்கும் அவனுடைய தனிமொழியும், வாளை உருவிவிட்டு, இப்போது கொன்றால் இவன் சொர்க்கம் போய்விடுவான் என்று தயங்கும் ஹாம்லெட்டின் தனிமொழியும் சில அடி தூரத்தில் நிகழ்கின்றன. ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்பதில்லை. பிரார்த்தனை பலிக்கவில்லை என்பது நமக்கு மட்டும் தெரியும். அங்கே நீங்கள் குரலைத் தாழ்த்தினாலே போதும்.

கடைசித் தனிமொழியை உங்கள் இயக்குநர் வெட்டிவிட்டார் என்று அறிந்தேன். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே அது இல்லை, அதற்கு முன் தனிநூலாக வந்த குவார்ட்டோ பதிப்பில்தான் இருக்கிறது என்பதால் அவருக்கும் நியாயம் உண்டு. ஆனாலும் எனக்கு வருத்தமே. ஒரு துண்டு நிலத்துக்காகச் சாகப்போகும் நார்வே இளவரசன் ஃபோர்ட்டின்பிராஸின் படையைப் பார்த்துவிட்டு, இனி என் எண்ணங்கள் இரத்தமயமாகட்டும் என்று அவன் சூளுரைக்கிறான். எண்ணங்கள்தாம், கைகள் அல்ல. அப்போதும்கூட!

அதன்பிறகு அவனுக்குத் தனிமொழி கிடையாது. ஐந்தாம் அங்கத்தில் மண்டையோட்டை ஏந்திப் பேசுவதைப் பலர் தனிமொழி என்றே நினைத்திருக்கிறார்கள். அருகில் நண்பன் ஹொரேஷியோ நிற்கிறான், பேச்சு அவனிடம்தான். தான் நேசித்த ஒபீலியாவின் கல்லறையில் நாற்பதாயிரம் சகோதரர்களின் அன்பும் தன் அன்புக்கு ஈடாகாது என்று அவன் கதறுவதும் ஊரார் முன்னிலையில். கண்ணீரை அங்கே செலவழியுங்கள், நான் தடுக்கமாட்டேன்.

வாட்போட்டிக்குப் புறப்படும் முன், வருவது வரட்டும், ஆயத்தமாக இருப்பதே எல்லாம் என்கிறானே, அந்த வரியை ஒத்திகையில் மேடையின் விளிம்புக்கு வந்து எங்களைப் பார்த்துச் சொன்னீர்கள். அடுத்த ஞாயிறன்று ஹொரேஷியோவைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கடைசி வரிசையிலிருந்து உங்கள் பழைய வாத்தியார்