கவினின் 790 வெள்ளி

செல்வம்,

இத்தனை நாள் எழுதாததற்கு நேரில் திட்டிக்கொள். இப்போது படி. சிங்கப்பூர்த் தேசியச் சேவைக்காகக் கவினுக்குத் தேக்கோங் தீவுப் பயிற்சி முகாமுக்குப் போகும் தேதி வந்துவிட்டதென்று தங்கச்சியிடம் கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனால் அவனுக்கு மாதாமாதம் வரப்போகும் பணத்தில் பாதியை வீட்டுக் கடனுக்கு ஒதுக்கிவிட்டாயாமே?

அது சம்பளம் இல்லையடா. சட்டப்படிக் கடமையைச் செய்யும் பிள்ளையின் அன்றாடத் தேவைக்குக் கொடுக்கும் படித்தொகை. மசேநியில் (மத்திய சேம நிதி) ஒரு காசும் சேராது. புதிதாகச் சேரும் வீரருக்கு மாதம் 630 வெள்ளியாக இருந்ததை 2023 ஜூலையில் 755 ஆக்கினார்கள், 2025 ஜூலையில் 790. உயர்ந்திருப்பது உண்மைதான். ஆனாலும் அனுமதியில்லாமல் பகுதிநேர வேலை பார்க்கக் கூடாது என்பதால், அவனுக்கு இதைத் தவிர வேறு வரவே கிடையாது.

சாப்பாடும் படுக்கையும் முகாமில் இலவசம், பிறகு எதற்குக் காசு என்று கேட்பாய். வாரக்கடைசியில் வெளியே விட்டால் பஸ், எம்ஆர்டி, நண்பர்களோடு சாப்பாடு, ஃபோன் பில். (தேசியச் சேவையாளருக்குப் பயணச் சலுகை அட்டை உண்டு, மறக்காமல் வாங்கச் சொல்.) அதோடு சின்னச் சின்னச் சாமான்கள்: லாக்கருக்குப் பூட்டு, கால் பவுடர், கொப்புளத்துக்குப் பிளாஸ்டர், காட்டுக்குள் போகும்போது துணியெல்லாம் நனையாமல் கட்டிவைக்க ஜிப்லாக் பை. பைக்குள் தண்ணீர் புகுந்தால் ஈரச் சாக்ஸோடு நடக்க வேண்டும், அடுத்த நாள் குதிகாலில் தோல் இருக்காது. சீருடை, பூட்ஸ் போன்றவற்றை மாற்ற ராணுவச் சாமான் கடையான ஈமார்ட்டில் தனியாகக் கிரெடிட் கொடுப்பார்கள். அதைப் பணமாக எடுக்க முடியாது, அதனால் அதையும் உன் கணக்கில் சேர்க்காதே.

பெரும்பாலும் சிக்கல் வருவது வங்கி விவரத்தில்தான். கணக்கு அவன் பெயரில் இருக்க வேண்டும். சின்ன வயதில் நீ திறந்து, வருடக்கணக்காகத் தொடாமல் கிடக்கும் கணக்கைக் கொடுக்காதே. எண்ணில் ஒரு இலக்கம் மாறினாலும், கணக்கு மூடப்பட்டிருந்தாலும் பணம் திரும்பிப் போய்விடும். எல்லாவற்றையும் சரிசெய்து அது மறுபடி வரும்வரை பையன் கையில் ஒன்றும் இருக்காது. வழக்கமாக 10ஆம் தேதி வாக்கில் போடுவார்கள். மாத நடுவில் சேர்ந்தால் முதல் மாதத்துக்கு முழுத் தொகையை எதிர்பார்க்காதே, நாள் கணக்குத்தான். 30 நாள் மாதத்தில் 23 நாள் என்றால் 605 வெள்ளிச் சொச்சம். முதல் இரண்டு வாரம் வெளியே விடமாட்டார்கள், அதனால் கையில் கொஞ்சம் பணத்தோடு அனுப்பு.

இன்னொன்று காப்புறுதி. ஆயுளுக்கு 150,000, விபத்துக்கு 150,000 வெள்ளி என்று அடிப்படைக் காப்புறுதியைத் தற்காப்பு அமைச்சே ஏற்கிறது. அதற்குமேல் எடுப்பது அவரவர் விருப்பம். பக்கத்துக் கட்டில்காரன் கையெழுத்துப் போட்டான் என்று இவனும் போட வேண்டாம். மாதம் எவ்வளவு, எதுவரை என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடட்டும்.

அனுமதியில்லாமல் முகாமுக்குத் திரும்பாமல் இருந்தால் தண்டனை உண்டு, அந்த நாட்களின் படித்தொகையும் போகும். கவின் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக் கவலையில்தான் நல்ல பிள்ளைகளும் வழி தவறுகிறார்கள், செல்வம். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். கடன் உண்மையிலேயே கழுத்தைப் பிடிக்கிறதென்றால் அதை அவன் 790க்குள் ஒளித்துவைக்காதே. சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலதிகாரிகளான செக்‌ஷன் கமாண்டரிடமோ பிளட்டூன் கமாண்டரிடமோ சொல்லச் சொல். குடும்பக் கஷ்டத்துக்கு உதவித்தொகை கேட்க வழி இருக்கிறது. கேட்பதில் வெட்கமில்லை. தவணை ஏற்கெனவே தவறிவிட்டதா? அப்படியென்றால் வீவகவோ (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வங்கியோ, கடன் எங்கே இருக்கிறதோ அங்கே இந்த வாரமே நீயே போய்ப் பேசு. துணைக்கு நானும் வருகிறேன்.

பயிற்சி முடிந்து போர்ப் பிரிவுக்குப் போனால் படித்தொகை கூடும், பதவி ஏறினால் இன்னும் கொஞ்சம். அப்போது அவனாகவே வீட்டுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள். இப்போது கேட்காதே.

சேரும் நாளில் நீங்களும் படகில் போய்ப் பார்க்கலாம், முகாம் உணவுக்கூடமான குக்ஹவுஸில் சாப்பாடும் உண்டு. தங்கச்சியையும் அம்மாவையும் கட்டாயம் கூட்டிப்போ. வங்கி விவரத்தை தேசியச் சேவையாளருக்கான ஒன்என்எஸ் இணையத்தளத்தில் இன்றிரவே சரிபார்க்கச் சொல், முடிந்ததும் எனக்கு ஒரு வரி போடு.

அன்புடன்,
ரவி