மாஸ்டர் எத்தனை மேட்ச் ஜெயித்தார்?

வேலூர்
மே 18

அன்புள்ள லெஃப்டு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாமல் இருந்ததற்கு நீ கேட்ட கேள்விதான் காரணம். அக்னி நட்சத்திரத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொள். பத்து மணிக்கு மேல் இங்கே யாரும் வெளியே தலை காட்டுவதில்லை. கோட்டை அகழியைப் பார்த்தாலே தாகம் எடுக்கிறது.

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போன இடத்தில் அல் ஸ்கேட்ஸ் என்ற வாலிபால் கோச்சைப் பற்றிப் படித்தேன் என்று எழுதியிருந்தாய். யுசிஎல்ஏ என்கிற ஒரே பல்கலைக்கழக அணிக்கு 1963-ல் கோச் ஆனவர் 2012-ல்தான் விட்டார், 1,239 மேட்ச் ஜெயித்திருக்கிறார், 19 தேசியப் பட்டம், ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கார்ச் கிராலி அவர் கையில் வளர்ந்த பையன். எல்லாம் சரி. கடைசியில், "நம்ம மாஸ்டர் எத்தனை மேட்ச் ஜெயிச்சிருப்பார்?" என்று ஒரு வரி போட்டுவிட்டு உன்பாட்டுக்குப் போய்விட்டாய். நாம் ஆடிய மூன்று வருஷத்துக் கணக்கே எனக்குச் சரியாக வரவில்லை. மாஸ்டர் நம் காலேஜில் வாலிபால் கோச்சாகச் சேர்ந்தது 1978, ஓய்வு பெற்றது 2012. உன் ஸ்கேட்ஸ் விட்ட அதே வருஷம். 34 வருஷக் கணக்கை வேறு யார் வைத்திருக்கப் போகிறார்கள், அவரையே கேட்டுவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

இப்போது ஆரணியில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு இருக்கிறார். கணியம்பாடி, கண்ணமங்கலம் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் சட்டை பிழியலாம் போலாகிவிட்டது. வயது 71. முடி போய்விட்டது, முதுகு மட்டும் அப்படியே நேராக இருக்கிறது. கழுத்தில் விசில் கயிறு இல்லாமல் அவரைப் பார்ப்பது எனக்கு என்னவோ போல் இருந்தது. மாஸ்டர் வீட்டு அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். "அந்த லெஃப்டுப் பையன் எங்க இருக்கான்?" என்று முதலில் கேட்டது அவர்கள்தான். கோயம்புத்தூரில் இருக்கிறாய், முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்றேன். "அவன் குதிச்ச குதிக்கு முன்னாடியே ஆகியிருக்கணும்" என்றார் மாஸ்டர் உள்ளேயிருந்து.

உன் கேள்வியைக் கேட்டேன். சிரித்தார். "ஜெயிச்சதை எவன்டா எண்ணிகினு இருந்தான்? தோத்ததைக் கேளு, சொல்றேன்."

சொன்னார், லெஃப்டு. முதலில் எடுத்ததே 1986-ல் மெட்ராஸில் நாம் தோற்ற மேட்ச். ஐந்தாவது செட், 13-14. சர்வீஸ் அவர்களுடையது. நம் பின்வரிசைப் பையன் பந்தை அழகாக என் தலைக்கு மேல் எடுத்துக் கொடுத்தான். நான் உனக்குத் தூக்காமல் சென்டருக்குத் தூக்கினேன். இரண்டு பேர் பிளாக்குக்கு ஏறினார்கள், பந்து நம் பக்கமே விழுந்தது, 15-13. நாற்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அதே கோபம். "ரெண்டாம் நம்பர்ல, வலது ஓரத்துல, அவனுக்கு எதிர்ல ஒரே ஒருத்தன்தான்டா நின்னான்" என்கிறார், ஏதோ நேற்று மாலை நடந்த மாதிரி.

நீ அன்றைக்கு மூன்றாவது செட்டிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நொண்டினாய். மாஸ்டரிடம் சொன்னால் வெளியே உட்கார வைத்துவிடுவார், சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். நானும் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டேன், மன்னித்துக்கொள். மாஸ்டர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "அப்பவே சொல்லியிருந்தா உன்னைத் திட்டியிருக்க மாட்டேன். அவனைத் திட்டியிருப்பேன்" என்றார். ஆக, பாக்கித் திட்டு உனக்குக் காத்திருக்கிறது.

உன்னை ரெண்டாம் நம்பருக்கு மாற்றியது ஞாபகம் இருக்கிறதா? அந்த நாளில் நன்றாக அடிக்கிறவன் என்றால் நாலாம் நம்பர்தான், இடது ஓரம்தான். நீயும் அங்கேதான் நிற்பேன் என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். இடது கைக்காரனுக்கு வலது ஓரத்தில்தான் பந்து உடம்பைக் குறுக்கே தாண்டாமல் நேரே அடிக்கிற கைக்கு வரும் என்று சுண்ணாம்புக்கட்டியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். என்னை லிஃப்டர், அதாவது அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன், ஆக்கியது வேறு கதை. (இப்போது செட்டர் என்கிறார்கள். லிஃப்டர் என்றால் பையன்கள் மாடிக்குப் போகிற லிஃப்ட் என்று நினைக்கிறார்கள்.) "பந்தைப் பிடிக்காதே. சூடான தோசைக்கல்லைத் தொட்டா எப்படிக் கையெடுப்பே, அப்படி எடு" என்பார். காலையில் சுவரில் இருநூறு, சாயங்காலம் இருநூறு. பந்து ரூல்படி 260-லிருந்து 280 கிராம்தான். மழையில் நனைந்த நம் தோல் பந்து இளநீர்க் காய் கனம் கனக்கும். அதிலும் தூக்கச் சொல்வார். என் வலது சுண்டுவிரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது.

நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. முதல் நாள் வகுப்பில் சொல்வாரே, 1895-ல் இந்த ஆட்டத்தை உண்டாக்கிய வில்லியம் மோர்கனும் ஒய்எம்சிஏ-காரர்தான் என்று, ஏதோ ஒரே வீட்டுப் பங்காளி போல. 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நம்மவர்கள் வெண்கலம் வாங்கிய மறுநாள் பிராக்டிஸை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த அணியில் ஆடிய ஜிம்மி ஜார்ஜ் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி ஸ்டோர் ரூம் கதவில் ஒட்டினார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் நமக்கு வாலிபால் பதக்கமே இல்லை என்ற குறை அவருக்கு உண்டு. 2023-ல் ஹாங்சோவில் கொரியாவை ஜெயித்ததைப் பேரன் செல்போனில் பார்த்தாராம், அதைப் பற்றி அரை மணி நேரம்.

நாம் போன பிறகு நடந்தவை எனக்கே பாதி தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில் ஆட்டத்தின் கணக்கே மாறியது அல்லவா? நம் காலத்தில் சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் பாயின்ட். சர்வீஸ் வெளியே போனால் சர்வீஸ் மட்டும்தான் போகும். ரேலி பாயின்ட் வந்ததும் ஒவ்வொரு தப்பும் எதிராளிக்கு ஒரு பாயின்ட், செட்டும் 25-க்கு. "தானம் பண்ற ஆட்டம்டா இது" என்று ஒரு வருஷம் புலம்பியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி சர்வீஸ் அடிக்கிற பையன்களை எல்லாம் பிடித்து மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்ததாம்.

ஆனால் 1998-ல் வந்த லிபரோ ரூல் அவருக்குப் பிடித்துப்போனது. குடியாத்தத்துப் பையன் ஒருவன், நெசவுக் குடும்பம், ஐந்தடி ஐந்தங்குலம். பந்து எங்கே வந்தாலும் கீழே விழவிடாமல் எடுப்பான், ரொட்டேஷனில் இடம் மாறி முன்வரிசைக்கு வந்தால் மட்டும் நெட்டுக்கு மேல் அவன் விரல்கூடத் தெரியாது. இரண்டு வருஷம் டவலும் தண்ணீருமாக வெளியே உட்கார்ந்திருந்தான். பின்வரிசைக்கு மட்டும் ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம், அவன் அடிக்கவும் வேண்டாம், பிளாக்குக்கு ஏறவும் வேண்டாம் என்று ரூல் வந்ததைப் படித்துவிட்டு, மாஸ்டர் அந்தத் தாளோடு சைக்கிளில் நேரே ஹாஸ்டலுக்குப் போயிருக்கிறார். அந்தப் பையன் இப்போது போலீஸில் இன்ஸ்பெக்டர். இதைச் சொல்லும்போது மட்டும் மாஸ்டர் குரலில் லேசாகப் பீற்றல் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

2002-ல் இங்கே வேலூரிலேயே திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும், பையன்கள் காட்பாடியில் ரயிலேறி மெட்ராஸ் போய் உதை வாங்குகிற வேலை மிச்சம் என்று நான் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இங்கேயே ஆடி இங்கேயே ஜெயிச்சா கப்பு வரும். ஆட்டம் வராது." எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் அவரிடம் யார் வாதாடுவது?

கிரவுண்டு விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும். புது கட்டடம் கட்ட நம் கோர்ட்டைத்தான் எடுத்தார்கள். நாம் குதித்து விரல் பதித்த அந்த ஸ்டோர் ரூம் சுவரும் போயிற்று. சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து எட்டிய இடத்தில் அடையாளம் வைப்போமே, உன்னுடையதுதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. மாஸ்டர் சண்டை எதுவும் போடவில்லை. ஹாஸ்டலுக்குப் பின்னால் முள்செடியை வெட்டி, இரண்டு சவுக்குக் கம்பம் நட்டு, 18 மீட்டருக்கு 9 மீட்டர் அளந்து புது கோர்ட் போட்டுவிட்டார். எனக்குத்தான் கோபம். இன்னும் அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

சரி, கணக்குக்கு வருகிறேன். விடாமல் கேட்டதும் பரணிலிருந்து நோட்டை இறக்கச் சொன்னார். ஏழு நோட்டு, நீளவாக்குக் கணக்கு நோட்டு. ஸ்கோர் இருக்கும் என்று ஆசையாகப் பிரித்தேன். ஒரு பக்கத்திலும் ஸ்கோர் இல்லை. ஒரு பையனுக்கு ஒரு வரி: பெயர், பிறந்த தேதி, உயரம், நின்றபடி எட்டும் உயரம், ஷூ சைஸ், ஊர் விலாசம், காலையில் என்ன சாப்பிட்டு வருகிறான். ஆமாம், அதற்கென்று தனிப் பத்தி. நிறையப் பேருக்கு "டீ" என்று மட்டும் இருந்தது. சிலருக்கு அதுவும் இல்லை, ஒரு கோடு. அப்படிக் கோடு போட்டவர்களைத்தான் அவர் பிராக்டிஸ் முடிந்ததும் "ஒரு வேலை இருக்கு, வீட்டுக்கு வா" என்று கூட்டிப்போவார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அம்மா இட்லி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். என் வரியிலும் கோடுதான்.

கடைசிப் பத்தி பின்னால் வேறு மையில் எழுதியது. ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க், ஐஓபி, போலீஸ், ஈபி, ஸ்கூல் பிடி. ஒரு சிலருக்கு "துபாய்". மூன்று பேருக்கு "இல்லை" என்று சின்னதாக. அவர்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை, நேரில் சொல்கிறேன். விலாசம் எல்லாம் "வ.ஆ. மாவட்டம்" என்றே இருக்கிறது. 1989-ல் திருவண்ணாமலையைப் பிரித்தார்கள், 2019-ல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்னும் பிரித்தார்கள், பழைய வட ஆற்காடு இப்போது நாலு மாவட்டம். மாஸ்டர் நோட்டில் 2012 வரைக்கும் செய்யாறும் வாணியம்பாடியும் அரக்கோணமும் ஒரே மாவட்டம்தான்.

வெயில் தாழ்ந்ததும் பக்கத்துப் பள்ளி மைதானத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பத்துப் பதினைந்து பெண் பிள்ளைகள். நெட் உயரம் அளக்கிற நம் காலத்து அதே மூங்கில் கழி, ஆண்களுக்கு 2.43 மீட்டரில் சிவப்புக் கோடு. அதற்குக் கீழே பெண்களுக்கு 2.24-ல் புதிதாக ஒரு நீலக் கோடு போட்டிருக்கிறார். நெட்டின் நடுவில் அளந்தார், ஓரங்களில் அளந்தார், ஒரு விரல் தொய்வு என்று கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். இதற்குச் சம்பளம் உண்டா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. ஒரு குட்டிப் பெண் பந்தை உள்ளங்கையில் ஏந்திப் பிடித்துத் தூக்கினாள். "தோசைக்கல்லு, தோசைக்கல்லு" என்று கத்தினார். என் விரல் தானாக விரிந்தது, சத்தியமாக.

கிளம்பும்போது நோட்டில் உன் பக்கத்தைக் காட்டினார். 1985. அந்தப் பக்கத்தில் ஷூ வாங்கிக் கொடுத்த கணக்கு ஓரத்தில் இருக்கிறது. எல்லோர் பெயருக்கு நேரேயும் கோடு போட்டு அடித்திருக்கிறது. உன் வரி மட்டும் அப்படியே இருக்கிறது: "ஷூ 9. ரூ. 48. பாக்கி 20." வட்டி வேண்டாமாம், அசலை நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டுமாம்.

ஜூன் முதல் வாரம் வா. காலை இன்டர்சிட்டியைப் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காட்பாடி வந்துவிடலாம், ஸ்டேஷனுக்கு நான் வண்டி எடுத்து வருகிறேன். மறுநாள் காலை வெயிலுக்கு முன்னால் ஆரணி. டாக்டர் நடக்கலாம் என்று சொல்லிவிட்டாரா என்று எழுது. இருபது ரூபாயை மறக்காதே. ஜிபே எல்லாம் அவரிடம் செல்லாது.

உன்
லிஃப்டர்