பெற்றோர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, ஸ்காபரோ

தலைவர், நிர்வாகசபை உறுப்பினர்கள், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் விளையாட்டுப் போட்டியும் வழமைபோல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தைப் பற்றி மட்டும் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் 'அக்கடமிக்', செயல்முறை சார்ந்த 'அப்ளைட்' என்று இரு பிரிவாகப் பிரிப்பதை ஒன்ராறியோ அரசு கணிதத்தில் 2021இலும் மற்றப் பாடங்களில் 2022இலும் நிறுத்தியது. இதனால் கெட்டிக்காரப் பிள்ளைகளின் படிப்புக் கெடுகிறது என்று நம் பெற்றோர் சிலர் இன்னும் குறைப்படுகிறார்கள். அந்தப் பிரிவினையால் யார் பாதிக்கப்பட்டார்கள் என்று கேட்டறிய, அயலிலுள்ள கறுப்பினப் பெற்றோரை அழைத்திருந்தோம்.

யோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஜேம்ஸின் 2017ஆம் ஆண்டு ஆய்வறிக்கையோடு அவர்கள் வந்தார்கள். ரொறன்ரோ கல்விச் சபையின் பாடசாலைகளில் வெள்ளையின மாணவரில் 81 வீதம் அக்கடமிக் பிரிவில் படித்திருக்கிறார்கள். நாமும் அடங்கும் ஏனைய இனத்தவரில் 80 வீதம். கறுப்பின மாணவரிலோ 53 வீதம்தான். உயர்பள்ளி முடியுமுன் ஒருமுறையாவது இடைநிறுத்தப்பட்ட கறுப்பின மாணவர் 42 வீதம்.

வந்திருந்த ஒரு தாய் தன் மகனின் கதையைச் சொன்னார். எட்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளை. "அப்ளைட் அவனுக்குச் சுகமாக இருக்கும்" என்று பாடசாலையில் சொன்னதை நம்பிப் படிவத்தில் கையெழுத்து வைத்தாராம். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தபோதுதான் அந்தக் கதவு சாத்தப்பட்டது தெரிந்ததாம். அதைக் கேட்டு, 1970களில் தமிழ் மாணவருக்கு வெட்டுப்புள்ளியை உயர்த்திய இலங்கை அரசின் தரப்படுத்தலால் பல்கலைக்கழக அனுமதியை இழந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். தனக்கு அரசாங்கம் விதி போட்டுச் செய்ததை இந்தப் பிள்ளைக்கு அன்பான ஆலோசனை என்ற பெயரில் செய்திருக்கிறார்கள் என்றார்.

பதினோராம் வகுப்பில் படிக்கும் நம் பிள்ளை ஒருத்தி கடைசியாகப் பேசினாள். "கறுப்புப் பிள்ளைகளோடு சேராதே என்று எங்கள் வீடுகளில் ஏன் சொல்கிறீர்கள்?" என்று, விருந்தினர் முன்னாலேயே கேட்டாள். அவளுக்கு அன்று எவரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் வீட்டிலும் அந்தச் சொல் சொல்லப்பட்டிருக்கிறது. அதனால் அவளுடைய கேள்வியைக் கூட்டக் குறிப்பில் அப்படியே பதிவுசெய்திருக்கிறேன்.

செப்டெம்பரிலிருந்து நமது சனிக்கிழமைக் கணித வகுப்பு அயல் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கிறது. இடைநிறுத்தங்களை இனவாரியாக வெளியிடுமாறு அந்தப் பெற்றோரோடு சேர்ந்து பாடசாலைக்கு எழுதினோம், பதில் வரவில்லை. இரண்டாவது கடிதம் தயார். அதில் கையெழுத்திட விரும்புவோருக்காகத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது.

செயலாளர்