மஞ்சளாய்ப் பழுத்த கத்திரிக்காயை எருக்குழியில் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சித்திரைப் பிறப்புக்கு முந்திய சனிக்கிழமை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், எங்கள் சாட்ஸ்வொர்த் பொதுத் தோட்டத்தில் அறுவடை நடந்தது. புனித வெள்ளி வாரத்தில் மாரியம்மன் கோயில் அன்னதானத்துக்குக் காய்கறி வேண்டும் என்று இருபது பேருக்கு மேல் கூடைகளுடன் வந்துவிட்டார்கள். நான் போய்ச் சேர மணி பத்தாகிவிட்டது. பூசணியும் வெண்டையும் பச்சை மிளகாயும் குவிந்து கிடந்ததைப் பார்த்து மனம் நிறைந்தது. பிறகு என் பாத்திக்குப் போனேன். கத்திரிச் செடிகளில் ஒரு காய்கூட இல்லை.

அந்தச் செடிகளில் மூன்று காய்களைச் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்து விட்டிருந்தேன். ஆறு வாரமாகப் பறிக்காமல் காத்த விதைக்காய்கள் அவை. என் பேரன் வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்து, "ஆயா, மூன்று காய் மஞ்சளாகிக் கெட்டுப்போயிருந்தது, எருக்குழியில் போட்டுவிட்டேன்" என்றான். நல்ல காரியம் செய்த மகிழ்ச்சி அவன் முகத்தில் இருந்தது. மறுநாள் விடிந்ததும் மண் கிளறும் முள்கரண்டியை எடுத்துக்கொண்டு போய் எருக்குழியைக் கிளறினேன். இரண்டு காய்கள் கிடைத்தன. மூன்றாவது கிடைக்கவே இல்லை.

பையனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சமையலுக்குப் பறிக்கும் கத்திரிக்காயில் விதை முற்றியிருக்காது. செடியிலேயே பழுத்து, தோல் மஞ்சளாகிக் கெட்டியான பிறகுதான் அதன் விதை முளைக்கும் என்பது அவனுடைய தாய்க்கும் தெரியவில்லை. கேட்டேன். தோட்டத்தில் இருந்த இருபது பேரில் நான்கு பேருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. நால்வரும் எழுபதைத் தாண்டியவர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தமிழ்நாட்டில் தை அறுவடை மாதம். இங்கே தை பிறக்கும்போது கொளுத்தும் கோடை, மழைக்காலம் வேறு. பொங்கல் பானையில் கட்ட மஞ்சள் கொத்தைப் பிடுங்கினால் கிழங்கு விரல் பருமன்கூட இருக்காது. நம் மண்ணில் பயிர் முற்றுவது பங்குனியிலும் சித்திரையிலும்தான். இலையுதிர்காலம் என்று பள்ளியில் படித்தோம்; டர்பனில் இலை அவ்வளவாக உதிர்வதில்லை. பூசணிக் கொடி காய்வதையும், அமடும்பே என்று நாம் சொல்லும் சேப்பங்கிழங்கின் இலை மஞ்சளாகித் தொங்குவதையும், விடியற்காலையில் தோளுக்கு ஒரு சால்வை தேவைப்படுவதையும் வைத்துத்தான் பருவம் மாறியதை அறிகிறோம். மழை ஓய்ந்து காற்று உலரும் இந்த நாட்கள்தாம் விதை எடுக்க ஏற்றவை. இந்த மாதத்தை விட்டால் அடுத்த வருடம்தான்.

எங்கள் தோட்டம் 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தொடங்கியது. கடைகள் சூறையாடப்பட்டு, ஒரு ரொட்டிக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்ற அந்த வாரத்தை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் புல் மண்டிக் கிடந்த நிலத்தை வெட்டித் திருத்தினோம். 2022 ஏப்ரல் வெள்ளம் மேல்மண்ணில் பாதியை அடித்துக்கொண்டு போனது. மறுபடியும் மண் சுமந்தோம். இவ்வளவு பாடுபட்டும், ஒவ்வொரு ஆகஸ்டிலும் விதைக்குக் கடைக்குத்தான் ஓடுகிறோம். அந்தப் பாக்கெட்டுகளில் பல கலப்பின விதைகள். முதல் வருடம் காய் கொழுத்து வரும். அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் ஒரு செடி ஒரு விதமாகவும் இன்னொன்று வேறு விதமாகவும் நிற்கும். பிறகு மறுபடியும் பாக்கெட். தோட்டம் நம்முடையது, விதை நம்முடையது இல்லை என்றால் எனக்கு ஆறவில்லை.

என் பாட்டனார் ஸ்பிரிங்ஃபீல்டில், உம்கேனி ஆற்றங்கரையில் கீரையும் கத்திரியும் பயிரிட்டவர். 1917 அக்டோபரில் அந்த ஆறு பெருகித் தோட்டக்காரர்களின் குடிசைகளை வாரிக்கொண்டு போனது. படவாட்டான் அறுவர் என்று இன்றும் நாம் பேசுகிற மீனவர்கள் படகில் திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் அடுத்து அலைந்தது விதைக்காகத்தான் என்று பாட்டனார் சொல்வாராம். ஆற்றோரத்தில் எவர் வீட்டிலும் ஒரு பிடி இல்லை. மேட்டில் இருந்த உறவினர் வீடுகளில்தான் கேட்டு வாங்கினார்களாம்.

1964இல் எங்கள் குடும்பம் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. இனத்துக்கு ஒரு பகுதி என்று மக்களைப் பிரித்து வைத்த அன்றைய வெள்ளையர் அரசின் இனவாரிப் பகுதிச் சட்டம் நிலத்தை விட்டுப் போகச் சொன்னது, போனோம். அம்மா ஒரு பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு லாரியின் முன்னால் உட்கார்ந்து வந்தார். உள்ளே சாம்பலில் புரட்டிய கத்திரி விதை, அவரை விதை, துவரை. 1987 செப்டம்பர் வெள்ளத்தில் வீட்டின் பின்புற மண்மேடு சரிந்து அந்த டின்னும் சேற்றில் போயிற்று. அவரை அன்றோடு போனது. கத்திரி மட்டும் எப்படி மிஞ்சியது தெரியுமா? வெருலத்தில் இருந்த நாத்தனாருக்கு அம்மா முந்தைய வருடம் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார். அது திரும்பி வந்தது. எருக்குழியில் நான் தேடியது அந்தக் கத்திரியின் வாரிசைத்தான்.

ஆகவே வாசகர்களை மன்றாடிக் கேட்கிறேன். பறிக்கப் போகும் முன் ஒவ்வொரு பயிரிலும் ஒரு நல்ல செடியை விதைக்கென்று ஒதுக்குங்கள். மிஞ்சிய சொத்தைக் காயை அல்ல, முதல் தரமான காயை விடுங்கள். என் பக்கத்துப் பாத்தி ஜூலு மூதாட்டி, நாங்கள் எல்லோரும் கோகோ என்று அழைப்பவர், மீலி என்று நாம் சொல்லும் மக்காச்சோளத்தில் ஒரு கதிர்கூட வேக வைக்கும் முன்பே விதைக் கதிரைத் தேர்ந்தெடுத்துவிடுவார். அதை அடுப்புப் புகை படும்படி தொங்கவிட்டால் பூச்சி அண்டாது என்று அவர் அம்மா சொன்னதாகச் சொன்னார். சாம்பலைப் பற்றி என் அம்மா சொன்னதும் அதேதான்.

கத்திரிக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சளான காயைப் பறித்து நாலைந்து நாள் வைத்து மெதுவாக்குங்கள். பிளந்து, சதையைத் தண்ணீரில் பிசையுங்கள். மிதக்கும் விதை பதர். அடியில் தங்குவதை மட்டும் எடுத்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். நன்றாக உலர்ந்தபின் சலித்த விறகுச் சாம்பலோடு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். டர்பனின் ஈரக் காற்று பட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பத்திரமாக இருந்தால் நான்கைந்து வருடம் முளைக்கும். வெண்டையும் அவரையும் இன்னும் சுலபம், செடியிலேயே நெற்று சலசலக்கும்வரை விடுங்கள். பூசணியில் மட்டும் கவனம் வேண்டும்: பக்கத்தில் வேறு வகைப் பூசணி இருந்தால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும்.

எடுத்த விதையை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். டோங்காட்டில் ஒரு பங்கு, பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் ஒரு பங்கு என்று உறவினர்களுக்குக் கொடுத்து வையுங்கள். தங்கள் இதழிலும் ஒவ்வொரு சித்திரையிலும் கால் பக்கமாவது விதைக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் என்ன விதை இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் போட்டால் போதும். வருகிற புரட்டாசி விரதத்துக்குள் நாற்றாவது கைமாறும்.

இரண்டு கத்திரிக்காய்களிலிருந்து எடுத்த விதை ஜாம் பாட்டிலின் அடியை மூடும் அளவுக்கு இருக்கிறது. பன்னிரண்டு பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறேன். முதல் பொட்டலம் அந்தப் பையனுக்கு. வாங்கிக்கொண்டு, தன் பள்ளித் தோட்டத்தில் போடுவதாகச் சொல்லியிருக்கிறான். மற்றவற்றை ஆகஸ்டில் நாற்றங்கால் போடும் நாளில் வருகிறவர்களுக்குத் தருவேன்.

எனக்கும் ஒன்று வேண்டும். அம்மாவின் அவரை: பட்டை அகலம், பச்சைக் காயின் இரு ஓரத்திலும் ஊதாக் கோடு, பூ வெள்ளை, விதை கறுப்பு, கண் மட்டும் வெள்ளை. வெயில் குறைந்து பகல் சுருங்கிய பிறகே பூக்கும். ஸ்டாங்கர் பக்கமோ ஐசிபிங்கோ பக்கமோ யாருடைய வேலியிலாவது இப்போது அது பூத்திருந்தால், நான்கு விதை போதும், இந்த இதழின் வழியாக எனக்குத் தெரிவியுங்கள். நானே பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்