டீசலில் டூ-டி ஊற்றுகிறவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களில் புல் வெட்டும் குத்தகை எடுத்துச் செய்கிறவன் நான். புல்வெட்டும் மிஷினுக்கு 25 பங்கு பெட்ரோலில் ஒரு பங்கு டூ-டி எண்ணெய் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான எண்ணெய்) கலப்பது எங்களுக்குக் கைப்பழக்கம், ஸ்டோரில் அது எப்போதும் இருக்கும். "டீசலிலும் ஊத்துங்கண்ணே, 200க்கு ஒண்ணு, பம்பு நின்னு உழைக்கும்" என்று பட்டறையில் ஒரு தம்பி சொல்ல, நானும் என் பிக்கப்பில் 50 லிட்டருக்குக் கால் லிட்டர் வீதம் இரண்டு வருடம் ஊற்றினேன். சத்தம் குறைந்த மாதிரிதான் இருந்தது. காசு போட்டு ஊற்றியவன் காதுக்கு அப்படித்தானே கேட்கும்!

இந்தப் பேச்சு சும்மா கிளம்பவில்லை. டீசல் வண்டியில் பெரும்பாலும் டீசலைத் தள்ளுகிற பம்புக்கும் அதை இன்ஜினுக்குள் பீச்சுகிற இன்ஜெக்டருக்கும் தனி எண்ணெய் கிடையாது, உள்ளே ஓடுகிற டீசல்தான் வழுவழுப்பு. கந்தகத்தைப் பிரித்தெடுக்கும்போது அந்த வழுவழுப்பும் கூடவே போய்விடும். 2021 ஏப்ரலில் இங்கே மலேசியாவில் எல்லா இடத்திலும் கந்தகம் குறைந்த யூரோ 5 டீசல் வந்தது, பத்து லட்சத்தில் 500 பங்கு வரை இருந்த கந்தகம் 10 பங்குக்கு இறங்கியது. பயந்ததில் தப்பில்லை. ஆனால் நம் ஊர் டீசல் வெறும் டீசல் இல்லை ஐயா, பி7 என்றால் அதில் 7 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல். போன வழுவழுப்பு திரும்ப ஒன்றிரண்டு விழுக்காடே போதும். நாம் வெட்டி லோரியில் ஏற்றுகிற குலையின் எண்ணெயே டேங்கில் இருக்க, கடையில் இன்னொரு போத்தல் வாங்கி ஊற்றுவானேன்?

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே ராத்திரியில் 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதிலிருந்து, டூ-டி ஊற்றினால் டீசல் மிச்சமாகும் என்று வேறு சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எனக்கு ஒரு சொட்டும் மிச்சமாகவில்லை.

என் வண்டியைப் படுக்க வைத்தது வேறு. மேட்டில் ஏறும்போது இருமி இருமி நின்றுவிட்டது. மெக்கானிக் ஃபில்டருக்கு அடியில் இருந்த திருகைத் தளர்த்தி ஒரு ஹார்லிக்ஸ் போத்தலில் பிடித்தார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அடியில் இரண்டு விரல் உயரம் தண்ணீர், மேலே மஞ்சள் டீசல், இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக நூல் நூலாகப் பாசி மாதிரி ஒன்று. பயோடீசல் ஈரத்தை இழுக்கும், நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் கேட்கவே வேண்டாம். டூ-டி அந்தத் தண்ணீரை என்ன செய்யும்? மாதம் ஒருமுறை அந்தத் திருகைத் திறந்துவிட்டு, ஃபில்டரையும் காலத்தில் மாற்றியிருந்தால் எனக்கு அந்தச் செலவே வந்திருக்காது.

புது வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம், புது வண்டியில் எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலை அழுத்தி அனுப்பும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டிப் போகும். அங்கே கண்டதைக் கலந்து சோதனை பார்க்கக் கூடாது. புகை வடிகட்டி உள்ள வண்டியில், எரியாத சாம்பல் மிஞ்சுகிற எண்ணெயை ஊற்றினால் அது அடைத்துக்கொள்ளும். காமன் ரெயில் இல்லாத பழைய பம்பு வண்டிக்காரர்கள் ஊற்றுகிறேன் என்றால் சரி, வண்டி உடனே கெட்டுப் போகாது, காசுதான் போகும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். எண்ணெய் நிலையங்களில் நிலத்தடி டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, கோலின் நுனியில் ஒரு பசையைத் தடவி இறக்குவார்கள், தண்ணீர் பட்டால் பசை நிறம் மாறும். கடைசியாக என்றைக்குப் பார்த்தார்கள் என்று பம்பு பக்கத்தில் ஒரு அட்டையில் எழுதி வைக்கச் சொல்லி உங்கள் பத்திரிகை கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
புல்வெட்டுக் குத்தகைக்காரன்,
சுங்கை சிப்புட், பேராக்